பொத்துவிலின் கிறீஸ் பூதம்

2011 ஆகஸ்டில் இலங்கையின் கிழக்கிலுள்ள பொத்துவில் பல இரவுகள் கண்விழித்துக் கிடந்தது. உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஒருவன் இருட்டில் வந்து பெண்களைக் காயப்படுத்திவிட்டு ஓடுகிறான் என்ற பேச்சு, மலையகத் தோட்டங்கள், கிண்ணியா, புத்தளம், யாழ்ப்பாணத்து நாவாந்துறை என்று நாடெங்கும் பரவிய மாதம் அது. பொத்துவிலில் ஊர்மக்களும் பாதுகாப்புத் தரப்பினரும் மோதிக்கொண்டார்கள். பிடித்தால் வழுக்கிப்போக உடம்பில் கிறீஸ் பூசி வரும் கள்ளனைச் சிங்களத்தில் 'கிறீஸ் யக்கா' என்பார்கள்; யக்கா என்றால் பேய். ஆகவே பெயரிலேயே இவன் பாதி ஆள், பாதிப் பேய். படிக்காத சனத்தின் மூடநம்பிக்கை என்று இந்தப் பயத்தைத் தள்ளிவிடுவது பெரிய அநியாயம்.

இருட்டில் சத்தம் கேட்டால் 'யார் அது?' என்றுதான் எல்லோரும் கேட்போம். காற்றை ஆளென்று நினைத்தால் நட்டம் கொஞ்சம், ஆளைக் காற்றென்று நினைத்தால் உயிரே போகலாம். அதனால்தான் மனம் எங்கும் ஆளைத் தேடுகிறது என்று மானிடவியலாளர் ஸ்டூவர்ட் கத்ரி 1993இல் விளக்கினார். ஆனால் இந்தச் சுபாவம் எல்லா ஊருக்கும் பொது. அந்தப் பயத்தை 'ஒன்றுமில்லை' என்று சொல்லித் தணிக்க யாருடைய சொல் செல்லுபடியாகிறது என்பதில்தான் ஊருக்கு ஊர் வித்தியாசம். 2006 செப்டம்பர் 17இல் பொத்துவிலுக்கு அருகே, குளத்து வேலைக்குப் போன பத்து முஸ்லிம் கூலித் தொழிலாளர்கள் கொல்லப்பட்டார்கள். அரசு விடுதலைப் புலிகளைக் குற்றம் சொன்னது. ஊரின் சந்தேகம் அரசின் அதிரடிப் படைமேல் விழுந்தது. அந்த வருடம் நியமிக்கப்பட்ட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவின் பட்டியலில் இதுவும் இருந்தும், கொன்றவர் என்று ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. ஐந்து வருடம் கழித்து அதே ஊரிடம் 'கிறீஸ் பூதம் இல்லை, வீட்டுக்குப் போங்கள்' என்றால் எப்படி நம்பும்?

2001 மே மாதம் டில்லியில் 'குரங்கு மனிதன்' பயம் வந்ததே, அங்கே எந்தப் படுகொலை நடந்தது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். பயம் இரண்டு இடத்திலும் ஒன்றே; ஓடிய திசை வேறு. டில்லிச் சனம் பொலிசைத்தான் கூப்பிட்டது. கிழக்கில் சனம் பொலிசையும் படை முகாமையும் எதிர்த்து நின்றது. ஜின்னை நம்பும் முஸ்லிம் சமூகம் பூதத்தையும் நம்பாதா என்ற வாதமும் நிற்காது. ஜின் பிடித்ததென்றால் தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள், தாயத்துக் கட்டுவார்கள். கிறீஸ் பூதத்துக்குப் பொல்லைத் தூக்கினார்கள். ஆளென்று நினைத்துத்தான் தூக்கினார்கள். அதற்கு விலையும் இருந்தது. புத்தளத்தில் ஒரு பொலிஸ்காரர் கூட்டத்தின் கையால் இறந்தார். ஹப்புத்தளைப் பக்கத் தோட்டமொன்றில், கிறீஸ் பூதம் என்ற சந்தேகத்தில் இரண்டு பேர் கொல்லப்பட்டார்கள். கத்ரி சொன்ன கொஞ்ச நட்டம் அங்கே கொஞ்சமாக இருக்கவில்லை. சில இடங்களில் உண்மையான ஆட்களே வந்திருக்கலாம்; துரத்தியபோது முகாமுக்குள் ஓடிப் புகுந்தார்கள் என்று கிண்ணியாவில் மக்கள் சொன்னார்கள். அதைச் சனம் ஏற்கும்படி விசாரித்திருந்தால், அந்த ஆட்களாவது பூதமாகாமல் இருந்திருப்பார்கள்.