மதியிறுக்கம்: நேர்ப்பொருள் புரிதலும் நகைச்சுவையும்

மதியிறுக்கம் (ஆட்டிசம்) உடையவர்களில் பலர் ஒரு சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்வர். மரபுத்தொடரிலும் கேலியிலும் சொல்லாமல் விடப்படும் பொருள் அவர்களுக்கு உடனே எட்டுவதில்லை. மருத்துவர் லியோ கானர் 1943இல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய ஆய்விலேயே இது பதிவாகியுள்ளது. தோளில் ஏற வேண்டுமானால் ‘ஆமாம்’ சொல்லும்படி தந்தை பழக்கியதால், அவர்களில் ஒரு சிறுவனுக்கு ‘ஆமாம்’ என்றாலே நெடுநாள் ‘தோளில் தூக்கு’ என்றுதான் பொருள்.

தமிழ் இலக்கணம் இந்தச் சிக்கலின் இடத்தை எப்போதோ காட்டிவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் விடைகளை எட்டு வகையாக்குகிறது. சுட்டு, மறை, நேர் ஆகிய மூன்றே வெளிப்படை. மற்ற ஐந்தும் குறிப்பால் உணர வேண்டியவை. ‘ஆடுவாயா?’ என்றதற்குக் ‘கால் வலிக்கிறது’ என்பது உற்றது உரைத்தல். ‘ஆடமாட்டேன்’ என்பதைக் கேட்பவர்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். மதியிறுக்கம் உடைய பிள்ளை தைலம் எடுக்க ஓடலாம். பிறகு வந்து, ஆடுவாயா மாட்டாயா என்று மறுபடியும் கேட்கலாம்.

சிங்கப்பூரின் ஜூரோங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு இந்தச் சுமை கூடுதல். வீட்டில் தமிழ், பள்ளியில் ஆங்கிலம், உணவங்காடியில் சிங்லிஷ் என மூன்றிலும் குறிப்புமொழி வெவ்வேறு. அடுக்குமாடி வீட்டுக்கு வந்த மாமா ‘போயிட்டு வர்றேன்’ என்று விடைபெற்றால், அவர் திரும்பி வருவார் என்று பிள்ளை கம்பிக் கதவருகே காத்து நிற்கலாம். அதைக் குறும்பு என்று கடிந்துகொள்வது பெரும் அநியாயம்.

நகைச்சுவை உணர்வே இவர்களுக்கு இல்லை என்பதும் தவறு. சிலேடை, ஒலி விளையாட்டு, படச் சிரிப்பு ஆகியவற்றை ரசிப்பவர் பலர். தாமே சிலேடை கட்டுபவரும் உண்டு. கடினமாவது வஞ்சப்புகழ்ச்சி. தாமதமாக வந்தவரிடம் ‘ரொம்ப சீக்கிரம் வந்துட்டே!’ என்றால், சொல்பவரின் மனநிலையையும் சேர்த்தே படிக்க வேண்டும். உளவியலாளர் பிரான்செஸ்கா ஹாப்பே 1994இல் வெளியிட்ட ‘விசித்திரக் கதைகள்’ சோதனை இத்திறனையே அளக்கிறது. மொழித்திறன் வளர வளர உருவகங்கள் பிடிபடுவதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

குறை ஒரு பக்கம் மட்டும் இல்லை. மற்றவர்களும் மதியிறுக்கம் உடையவர்களைப் புரிந்துகொள்ளத் தவறுகிறார்கள் என்று 2012இல் வாதிட்டவர் ஆய்வாளர் டேமியன் மில்டன். அவரும் மதியிறுக்கம் உடையவரே.

ஜூரோங் வெஸ்ட்டில் உள்ள கிரேஸ் ஆர்ச்சர்ட் பள்ளி, லேசான மதியிறுக்கம் உடைய மாணவர்களுக்கும் கல்வி அளிக்கிறது. வீட்டில் செய்யக்கூடியதோ மிக எளிது. விடைபெறும் மாமா ‘அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருவேன்’ என்று நாளையும் சேர்த்துச் சொன்னால், பிள்ளை கதவருகே காத்து நிற்க வேண்டியிருக்காது.