மலையா, வன்னியா? – நிலம் தேடி நடந்த மக்களின் கதை

2025 நவம்பர் இறுதியில் இலங்கையைத் தாக்கிய டித்வா புயலின் கொடுமையை மலைநாடே அதிகம் அனுபவித்தது. நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைச்சரிவுகள் குடியிருப்புகளை மூடின. அதன்பின் ஓர் அழைப்பு எழுந்தது. சரிந்து விழும் மலையில் லயங்களுக்குள் ஏன் முடங்கிக் கிடக்க வேண்டும், வடக்கிலும் கிழக்கிலும் நிலம் இருக்கிறது, வந்து குடியேறலாமே என்று தமிழ் அரசியல் வட்டாரத்தில் பேசப்பட்டது.

அழைத்தவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆயினும் இது புதிய யோசனை அன்று. மலையகத் தமிழர் ஏற்கெனவே வன்னிக்குப் போனவர்கள். அங்கே காடு வெட்டிக் கிணறு தோண்டி வாழ்ந்து பார்த்தவர்கள். பத்திரிகைப் பணி நிமித்தம் பல ஆண்டுகள் ஹற்றன் பக்கமும் கிளிநொச்சிப் பக்கமும் அலைந்தவன் என்ற முறையில், அந்த வரலாற்றை மறந்துவிட்டு இந்த அழைப்புக்கு விடை கூற முடியாது என்று கருதுகிறேன்.

ஒரு நாட்டின் எந்தப் பகுதி வாழத் தகுந்தது என்று ஒப்பிடுவோர், தட்பவெப்பம், வேலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை என்று பட்டியல் போடுவது வழக்கம். மலையகத் தமிழரைப் பொறுத்தவரை அந்தப் பட்டியலின் தலைப்பில் வேறொரு கேள்வி நிற்கிறது. கால் பதித்து நிற்கும் மண் யாருடையது என்பதே அது.

முதலில் மலையகத்தை எடுத்துக்கொள்வோம். 1820களில் கோப்பித் தோட்டங்களுக்காகத் தமிழகத்திலிருந்து தொழிலாளர் வரத் தொடங்கினர். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்தனர். அந்த வருகையின் 200ஆம் ஆண்டை நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை ஒரு நடைபவனி நடைபெற்றதை வாசகர்கள் அறிவர். 1869இல் கண்டறியப்பட்ட இலைநோயால் கோப்பி அழிந்தது. தேயிலை வந்தது. கோப்பிக்குப் பருவகாலத்தில் மட்டும் ஆள் போதும். தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். எனவே வந்து போனவர்கள் குடும்பமாகத் தங்கினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பராக்கள் நிரந்தர வீடுகள் ஆயின.

ஆனால் அவை வீடுகள் அல்ல; வேலையோடு ஒட்டிய இருப்பிடங்கள். கங்காணியிடம் பட்ட கடனைக் குறித்த துண்டுச் சீட்டு இல்லாமல் தொழிலாளி தோட்டம் மாற முடியாத நிலை 1921 வரை இருந்தது. அது ஒழிந்த பின்னரும், தோட்டத்தில் பேர் பதிந்தவர் குடும்பத்தில் இருக்கும் வரைதான் காம்பரா என்ற நிலை ஒழியவில்லை. தனி முகவரிகூடக் கிடையாது. ஒருவருக்கு வரும் கடிதம் தோட்டத்தின் பெயருக்கு வந்து, அங்கிருந்துதான் கை மாற வேண்டும்.

1947 தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் 7 உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அம்மக்களில் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கை 9 இலட்சத்து 75 ஆயிரம் பேரைப் பங்கு போட்டது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு, எஞ்சியவர்கள் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்பது கணக்கு. எங்கே வாழ விரும்புகிறீர்கள் என்று அம்மக்களிடம் இரு அரசுகளும் கேட்கவில்லை. தலைமன்னார் நோக்கிச் சென்ற ரயிலுக்கு மக்கள் ‘அழுகைக் கோச்சி’ என்று பெயரிட்டனர்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு மலையகம் ஒரே நிலமாகத் தோன்றும். உண்மையில் அதற்குள்ளேயே வாழ்வின் தரமும் பாதுகாப்பும் இடத்துக்கு இடம் வேறுபட்டன. 4,000 அடிக்கு மேலுள்ள நுவரெலியா, தலவாக்கலை, ஹற்றன், மஸ்கெலியாப் பகுதிகளில் தோட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. தமிழர் அங்கே திரளாக வாழ்கின்றனர். கண்டி, மாத்தளை, கேகாலைப் பக்கத்து இடைநிலத் தோட்டங்களும் இரத்தினபுரிப் பக்கத்துத் தாழ்நிலத் தோட்டங்களும் அப்படியல்ல. அங்கே தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கு நடுவே தீவுகளாகக் கிடந்தன.

1972, 1975 காணிச் சீர்திருத்தச் சட்டங்கள் தோட்டங்களை அரசுடைமை ஆக்கியபோது அடி முதலில் விழுந்தது இந்தத் தீவுகளின் மேல்தான். பல தோட்டங்கள் துண்டாடப்பட்டுப் பக்கத்துக் கிராமத்தாருக்கு வழங்கப்பட்டன. நிலம் பகிரப்பட்ட நாளில், அந்த நிலத்தில் நூறாண்டு உழைத்தவர்கள் பயனாளிகள் பட்டியலில் இல்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளின் பஞ்சத்தில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நிகழ்ந்தன. 1977இலும் 1981இலும் வன்செயல்கள் தொடர்ந்தன.

நுவரெலியாப் பக்கம் இதே திட்டம் வந்தபோது எதிர்ப்பு திரண்டது. 7,000 ஏக்கர் தோட்டக்காணியைப் பிரித்துக் கொடுக்கும் முயற்சிக்கு எதிராக மக்கள் எழுந்தனர். 1977 மே 11ஆம் திகதி, தலவாக்கலை டெவன் தோட்டத்தில் சிவனு லெட்சுமணன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார். உயர்நிலத்தில் இன்றும் தமிழர் திரளாக இருப்பதற்கு அந்த எதிர்ப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

இனி வன்னிக்கு வருவோம். 1958 கலவரத்தின் பின்னரே சில குடும்பங்கள் வடக்கு நோக்கி நகர்ந்தன. 1970களில், முக்கியமாக 1977இன் பின்னர், அது பெருக்காயிற்று. வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் காடு வெட்டிக் குடியேறினர். எஸ். ஏ. டேவிட்டும் டொக்டர் இராஜசுந்தரமும் வழிநடத்திய காந்தியம் அமைப்பு இக்குடியேற்றங்களுக்குத் துணை நின்றது. இருவரும் 1983 ஏப்ரலில் கைதாகினர். அவ்வாண்டு ஜூலையில் வெலிக்கடைச் சிறைப் படுகொலையில் இராஜசுந்தரம் உயிரிழந்தார்.

வன்னி அவர்களுக்கு என்ன கொடுத்தது? கைக்கெட்டும் தூரத்தில் மண். சொந்தமாக ஒரு கிணறு, முற்றத்தில் முருங்கை, மாட்டுக்குப் பட்டி. பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடும் குரலுக்கு ஓடாத காலைப் பொழுது. கச்சேரியில் தமிழில் பேசலாம். மலையில் பிறந்து கிளிநொச்சியில் முதுமையடைந்த பலரிடம் பேசியிருக்கிறேன். வெயிலைத் திட்டினார்கள், மலேரியாவைத் திட்டினார்கள். மண்ணைத் திட்டியவர் ஒருவரும் இல்லை.

வன்னி என்ன மறுத்தது? முதலாவது, உறுதி. பாரதிபுரம், மலையாளபுரம், கிருஷ்ணபுரம் போன்ற கிளிநொச்சிக் குடியிருப்புகளில் மலையகக் குடும்பங்கள் பல, பல்லாண்டுகள் ஆவணம் ஏதுமின்றி வாழ்ந்தன. சில இடங்களில் குடியிருந்த காணிக்கு வேறொருவர் உரிமையாளர். வயல் இன்னொருவருடையது, இவர்கள் அதில் கூலி. இரண்டாவது, சம மதிப்பு. ‘தோட்டக்காட்டான்’ என்ற ஏளனச் சொல்லை அவர்கள் சிங்களவரிடமிருந்து கேட்கவில்லை. தம் மொழி பேசுவோரிடமே கேட்டனர். இதை எழுதுவது இனிமையான காரியம் அல்ல. ஆனால் எழுதாமல் இந்த ஒப்பீடு நேர்மையாக இராது.

மூன்றாவது, பாதுகாப்பு. டொலர் பண்ணை, கென்ட் பண்ணை ஆகிய இடங்களில் குடியேறிய மலையகக் குடும்பங்கள் 1984இல் அரசினால் வெளியேற்றப்பட்டன. அவ்விடங்களில் சிறைக்கைதிகள் கொண்டுவந்து குடியமர்த்தப்பட்டனர். அவ்வாண்டு நவம்பர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் நடத்திய தாக்குதலில் அங்கிருந்த பலர் கொல்லப்பட்டனர். வன்னியின் உட்புறம் தங்கிய குடும்பங்கள் 2009 வரை போரின் நடுவில் வாழ்ந்தன. முள்ளிவாய்க்கால் வரை ஓடின. செட்டிகுளம் முகாம்களில் அடைபட்டன. மலையில் அகதியானவர் வன்னியில் மீண்டும் அகதியானார்.

கொழும்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. கடைகளிலும் வீட்டு வேலையிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் மலையக இளைஞர் நிறைந்துள்ளனர். அது சம்பளம் தரும் ஊர். தீபாவளிக்கு எல்லோரும் மலைக்குத் திரும்பிவிடுவதே அது அவர்களது ஊர் ஆகவில்லை என்பதற்குச் சான்று. கடல் கடந்து நீலகிரிக்குப் போனவர்களும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் மீண்டும் கொழுந்து பறித்தனர். இலங்கையில் இந்தியாக்காரர் எனப்பட்டவர்கள் அங்கே சிலோன்காரர் ஆயினர்.

மலையகத்தில் மாற்றமே இல்லை என்று கூறுவதும் தவறாகும். 2003 வரை நீண்ட சட்டங்களால் நாடற்றநிலை முடிவுக்கு வந்தது. தோட்டங்களுக்குள் பிரதேச சபைகள் பணம் செலவிடத் தடையாயிருந்த சட்டம் 2018இல் திருத்தப்பட்டது. 2015இன் பின்னர் 7 பேர்ச் காணியில் தனி வீடுகள் எழுந்தன. 2017 மே மாதம் நோர்வூட்டுக்கு வந்த இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. ஆனால் லயங்கள் இன்னும் நிற்கின்றன. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அங்கிருந்து மக்களை அகற்ற வேண்டும் என்ற எச்சரிக்கை பல ஆண்டுகளுக்கு முன்பே விடப்பட்டிருந்தது. அகலுங்கள் என்றார்கள், எங்கே என்று காட்டவில்லை. டித்வாவின் பின்னரும் கேள்வி அதுவே.

ஆகவே மலையா வன்னியா என்று என்னிடம் கேட்டால், அந்தக் கேள்வியைச் சற்றுத் திருத்தியே விடை சொல்வேன். மலை திரளைத் தந்தது, நிலத்தைத் தரவில்லை. வன்னி நிலத்தைக் காட்டியது, உறுதியைத் தரவில்லை. 1953 குடிசன மதிப்பீட்டில் நாட்டின் மக்கள்தொகையில் சுமார் 12 வீதமாக இருந்த இம்மக்கள் 2012இல் சுமார் 4 வீதமாகக் காட்டப்பட்டனர். நாடு கடத்தலே இதற்கு முதற்காரணம். திரளை மீண்டும் கலைக்கும் எந்தத் திட்டமும் அவர்களின் அரசியல் வலுவைக் கரைக்கும் என்பதை அழைப்பவர்கள் மறக்கலாகாது.

வடக்குக்குப் போக விரும்பும் குடும்பம் போகட்டும். அது அவர்களின் உரிமை. ஆனால் அழைப்பவர்கள் அழைப்பிதழோடு காணி உறுதியையும் நீட்டவேண்டும். அதற்கு முன், பாரதிபுரத்திலும் மலையாளபுரத்திலும் ஏற்கெனவே வந்தவர்களில் உறுதியில்லாத ஒவ்வொருவருக்கும் அதைக் கொடுத்துக் காட்டவேண்டும். மலையிலேயே வாழ விரும்பும் குடும்பத்துக்கு, சரிவில்லாத தோட்டக் காணியில் வீட்டுக்கும் ஒரு கைத்தோட்டத்துக்கும் போதுமான நிலத்தை அரசு எழுதிக் கொடுக்கவேண்டும். தேயிலைக்கு என்று ஒதுக்கப்பட்டுக் காடாகிக் கிடக்கும் தரிசுகள் மலையகத்தில் உண்டு என்பதை அங்கே நடந்து பார்த்த எவரும் அறிவர்.

எங்கே வாழ்வது என்பதை 1964இல் இரண்டு தலைநகரங்கள் தீர்மானித்தன. இம்முறையாவது அந்தக் கேள்வி லயத்து வாசலில் கேட்கப்படட்டும்.