நிலைப்படியும் நிதானமும்

செட்டிநாட்டு வீடுகளின் பர்மாத் தேக்கை வியக்கும் கண், உயர்ந்த நிலைப்படியைக் கவனிப்பதில்லை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதி முதல் 1940கள் வரை எழுந்த இவ்வீடுகள் பெருங்குடும்பத்துக்கானவை. தாங்க ஒரு கை அருகிலிருக்கும். இன்று பல வீடுகளில் முதியோர் தனியே படி தாண்டுகிறார்கள். தாண்டும் கணத்தில் உடலின் எடை முழுவதும் ஒற்றைக் காலில்.

சீனத்துத் தை ச்சி பழக்குவது இதைத்தான்: எடையை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மெல்ல மாற்றுதல். போர்க்கலையான அது, 1956இல் எவரும் பயிலத்தக்க 24 அசைவுகளாகச் சுருக்கப்பட்டது. 70 வயது நிறைந்த 200 பேரைக் கொண்ட அட்லாண்டா ஆய்வு 1996இல் வெளியானது. 15 வாரம் தை ச்சி பயின்ற பிரிவினர் திரும்பத் திரும்ப விழும் அபாயம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது.

தேக்கு வரக் கப்பல் வேண்டியிருந்தது. இக்கலைக்கு வீட்டு வளவே போதும்.