பிரட்டுக்களமும் போர்க்களமும்

விடியற்காலையில் தப்பு முழங்கியதும் தோட்டத் தொழிலாளர் கூடிநின்று பெயர் கொடுக்கும் இடத்துக்குப் பிரட்டுக்களம் என்று பெயர். இராணுவ அணிவகுப்பைக் குறிக்கும் ‘பரேட்’ என்னும் சொல்லின் திரிபே அது. நம் மக்கள் வாழும் லயங்களின் பெயரும் படைமுகாம்களின் குடியிருப்பு வரிசைகளுக்கு உரிய பெயர்தான். பட்டாளத்துச் சொற்களோடு நாள்தோறும் வாழும் நாம், நம் மலைநாடு யுத்தத்தில் வகித்த பங்கினைப் பற்றிப் போதிய அளவு பேசுவதில்லை. அதனைப் பேசுவதற்கு ஓர் அவுஸ்திரேலியச் சிப்பாயிடமிருந்து தொடங்கலாம்.

1939இல் அவுஸ்திரேலியாவிலே திரட்டப்பட்ட ஆறாவது டிவிஷன் தொண்டர்களால் ஆனது. ஆட்டு ரோமம் கத்தரித்தவனும், சுரங்கத்தில் உழைத்தவனும், கடைச் சிப்பந்தியும், முப்பதுகளின் பொருளாதார மந்தத்தில் வேலையிழந்தவனும் அதிற் சேர்ந்தனர். 1941இல் லிபியாவின் பார்டியாவிலும் பின்னர் கிரேக்கத்திலும் அவர்கள் போரிட்டனர். 1942 பெப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஏறக்குறைய 15,000 அவுஸ்திரேலியர் கைதிகளாயினர். நான்கு நாள் கழித்து டார்வின் நகர்மீது யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. மத்திய கிழக்கிலிருந்து கப்பலேறிய சிப்பாயின் மனம் இயல்பாகவே தன் வீட்டை நாடியது.

ஆனால், அவன் எங்கே போவது என்பதை முடிவுசெய்தவர்கள் வேறு. அவுஸ்திரேலியப் படையை ரங்கூனுக்குத் திருப்ப விரும்பினார் சேர்ச்சில். தொழிற்கட்சிப் பிரதமர் ஜோன் கேர்ட்டின் அதனை உறுதியாக மறுத்தார். எனினும், ஆறாவது டிவிஷனின் 16ஆம், 17ஆம் பிரிகேட்டுகள் தற்காலிகமாக இலங்கையில் தங்குவதற்கு அவர் இசைந்தார். மார்ச் மாத இறுதியில் அவை இங்கு வந்திறங்கின. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், 9ஆம் நாள் திருகோணமலையும் தாக்கப்பட்டன. அந்த 9ஆம் நாளே மட்டக்களப்புக் கடலில் ‘ஹெர்மஸ்’ என்னும் விமானந்தாங்கிக் கப்பலும், அதனோடு சென்ற ‘வம்பயர்’ என்னும் அவுஸ்திரேலியக் கப்பலும் மூழ்கின.

தரையில் போர் நிகழவில்லை. தென்மேற்குக் கரையைக் காத்தும், காடுகளிற் பயிற்சி செய்தும் அச்சிப்பாய்கள் நான்கு மாதங்களைக் கழித்தனர். ஜூலையில் புறப்பட்ட அவர்களுள் 16ஆம் பிரிகேட்டினர் அவ்வாண்டின் இறுதியிலேயே பப்புவாவின் கொக்கோடா மலைப்பாதையிற் போரிட்டனர். இங்கே நம் தீவைக் காவல் செய்தவர்களுட் பலர் அங்கே புதையுண்டனர்.

அச்சிப்பாய் இங்கே எதனைக் காத்தான்? துறைமுகத்தையும் கடற்பாதையையும் காத்தான் என்பது உண்மை. அவற்றோடு தேயிலையையும் இறப்பரையும் காத்தான் என்பதும் உண்மை. மலாயாவும் யாவாவும் பறிபோன பின்னர் நேசநாடுகளுக்கு இயற்கை இறப்பர் தரும் முதன்மையான நாடாக இலங்கை எஞ்சியது. பிரித்தானியாவில் 1940 முதல் ஒருவருக்கு வாரம் இரண்டு அவுன்ஸ் என்று தேயிலை பங்கிடப்பட்டது. சிப்பாயின் குவளையை நிரப்பிய அந்தத் தேயிலைக்கு ஹற்றனிலும் நுவரெலியாவிலும் கொழுந்து கிள்ளிய பெண்ணின் விரல்களும் போர்ச்சேவை புரிந்தன.

அந்தச் சேவைக்கு அளிக்கப்பட்ட மதிப்பு யாது? 1940 ஜனவரி 10ஆம் நாள், ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்னும் தொழிலாளி பொலிஸாரின் துப்பாக்கிக்கு இரையானார். விசாரணை ஆணைக்குழுவின்முன் அவருடைய மனைவிக்காக வாதாடியவர் கொல்வின் ஆர். டி சில்வா. அதே ஆண்டு ஜூன் மாதத்தில் கொல்வினும் ஏனைய சமசமாஜத் தலைவர்களும் சிறையிலடைக்கப்பட்டனர். சுதந்திரத்துக்காக நடப்பதாகச் சொல்லப்பட்ட யுத்தத்தில், கூலி கேட்பதே குற்றமாயிற்று.

போர் முடிந்தது. மாண்ட அவுஸ்திரேலியச் சிப்பாயின் பெயர் கன்பராவின் நினைவு மண்டபத்தில் வெண்கலத்திற் பொறிக்கப்பட்டது, அது நியாயமே. தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம். உழைத்த மண்ணிலேயே பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இல் தான் வந்தது.

இதனைக் கூறுவது அச்சிப்பாயைப் பழிப்பதற்கன்று. நிறவெறிக் குடிவரவுச் சட்டம் கொண்ட நாட்டிலிருந்து அவன் வந்தான். ஆனால், அச்சட்டத்தை இயற்றியவன் அவனல்லன். அவனோடு போரிட்டுத் திரும்பிய ஆதிக்குடிச் சிப்பாய்கள் பலருக்குச் சொந்த நாட்டிலேயே சம உரிமை இருக்கவில்லை. கரையில் காவல் நின்றவனும் மலையில் கூடை சுமந்தவளும் தம்மைக் கேளாமலே தீர்மானிக்கப்பட்ட ஒரு யுத்தத்தின் சுமையைத் தாங்கியவர்கள். ஒருவனை வரலாறு நினைவிற் கொண்டது, மற்றவளை மறந்தது.

ஆசிரியர்களும் மாணவர்களும் இங்கே செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. பழைய செக்ரோல் புத்தகங்கள் எஞ்சியிருக்குமாயின் அவற்றைத் தேடுவோம். யுத்தகாலத்து அரிசிப் பஞ்சத்தையும் பிரட்டுக்களத்தையும் பற்றித் தம் தாய்மார் சொன்னவற்றை நினைவிற் கொண்டுள்ள முதியோரிடம் கேட்டு எழுதுவோம். அன்று நாட்கூலிக்காகப் பிரட்டுக்களத்திற் கொடுக்கப்பட்ட அப்பெயர்கள், இனியேனும் வரலாற்றின் ஏட்டிற் பதியப்படட்டும்.