கடலூர் மாவட்டத்தில் யானைக்கால் நோய் ஒழிப்பு: மருந்தும் மக்களும்

யானைக்கால் நோய் தமிழகக் கடற்கரை மாவட்டங்களில் பல நூற்றாண்டுகளாக இருந்து வந்த நோய். கடலூர், சிதம்பரம் உள்ளிட்ட பழைய தென்னாற்காட்டுப் பகுதியும் அதன் நிலையான இருப்பிடங்களுள் ஒன்று. இந்நோய்க்கு மருந்து 1947-இலேயே கிடைத்துவிட்டது. ஆயினும் கடலூர் மாவட்ட மக்கள் அனைவருக்கும் அம்மருந்து ஒருசேர வழங்கப்பட்டது 1996-இல்தான். இடைப்பட்ட அரை நூற்றாண்டில் ஆய்வாளர்கள் தேடியது புதிய மருந்தை அன்று; இருந்த மருந்தை எவ்வளவு, எத்தனை முறை, யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கான விடையை. நோயில்லாதவரும் மருந்து உண்ண வேண்டும் என்பதே அவ்விடை.

பழங்காலக் குறிப்புகள்

சுசுருத சம்கிதை இந்நோயைச் 'சிலீபதம்' என்ற பெயரில் விளக்குகிறது. யானையின் கால்போல் தடித்துப் போவதால் தமிழில் யானைக்கால் எனப்பட்டது. பதினாறாம் நூற்றாண்டில் இந்தியா வந்த ஐரோப்பியர் சோழமண்டலக் கடற்கரையில் வீங்கிய கால்களோடு பலரைக் கண்டு வியந்தனர். புனித தோமாவைக் கொன்றவர்களின் வழிவந்தோருக்கு வந்த சாபம் இது என்று மயிலாப்பூர்ப் பகுதியில் வழங்கிய கதையை டச்சுப் பயணி லின்சோட்டன் தம் நூலில் பதிந்துள்ளார். இந்த எண்ணம் எளிதில் மறையவில்லை. நோயாளியின் துன்பத்துக்கு அவருடைய பாவமோ குலமோ காரணம் என்ற பேச்சு, கிருமி கண்டறியப்பட்ட பின்னரும் ஊர்களில் நீடித்தது. திருமணம், வேலை, கோயில் திருவிழா என எதிலும் ஒதுங்கி நிற்கும் நிலைக்கு நோயாளிகள் தள்ளப்பட்டனர்.

புழுவும் கொசுவும்

நோயின் காரணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான் துலங்கியது. 1872-இல் கல்கத்தாவில் திமோதி லூயிஸ் என்ற மருத்துவர் நோயாளியின் இரத்தத்தில் நுண்புழுக்களைக் கண்டார். 1876-இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் ஜோசப் பான்கிராப்ட் முதிர்ந்த புழுவைக் கண்டறிந்தார். 1877-இல் சீனாவின் அமோய் துறைமுகத்தில் பணியாற்றிய பாட்ரிக் மான்சன், இப்புழு கொசுவின் உடலுக்குள் வளர்வதைக் காட்டினார். ஒரு நோய்க்கிருமி பூச்சியின் உடலில் வளர்கிறது என்பதற்கு முதல் சான்று இதுவே. மலேரியாவைக் கொசு பரப்புவதை ரொனால்ட் ராஸ் நிறுவியது இதற்கு இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

கண்டறிந்தவரின் பெயரால் இப்புழு 'உச்செரேரியா பான்கிராப்டி' எனப்படுகிறது. முதிர்ந்த புழுக்கள் நிணநீர்க் குழாய்களில் சில ஆண்டுகள் வாழ்ந்து, இலட்சக்கணக்கான நுண்புழுக்களை ஈனுகின்றன. நுண்புழுக்கள் பகலில் நுரையீரலின் நாளங்களில் தங்கி, இரவு பத்து மணிக்கு மேல் தோலருகே உள்ள இரத்தத்துக்கு வருகின்றன. இந்நோயைப் பரப்பும் 'கியூலெக்ஸ்' கொசு கடிக்கும் நேரமும் அதுவே. அதனால்தான் சுகாதாரப் பணியாளர்கள் நள்ளிரவை ஒட்டி வீடுவீடாகச் சென்று, உறங்குவோரை எழுப்பி விரல் நுனியில் இரத்தம் எடுக்க வேண்டியிருந்தது.

கியூலெக்ஸ் கொசு நல்ல நீரைவிடச் சாக்கடை, கழிவுநீர்க் குழி, மலக்குழி ஆகியவற்றில் பெருகும். தென்பெண்ணையும் கெடிலமும் கடலில் கலக்கும் கடலூரும், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே தாழ்வாக அமைந்த சிதம்பரமும் சரிவற்ற சமதரைகள். மழைநீரும் வீட்டுக் கழிவுநீரும் எளிதில் வடியாத இத்தகைய ஊர்கள் இக்கொசுவுக்கு ஏற்ற இடங்கள் ஆயின.

மருந்து பிறந்த கதை

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் போரிட்ட அமெரிக்கப் படைவீரர்கள் ஆயிரக்கணக்கில் யானைக்கால் புழுத் தொற்றுக்கு ஆளாயினர். அதன்பின் அமெரிக்க மருந்தாய்வகங்கள் இந்நோயில் கவனம் செலுத்தின. லெடர்லே ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவராக இருந்தவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-இல் ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த இவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். சென்னையில் ஆயுர்வேதக் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்திவிட்டு அமெரிக்கா சென்றார். அவர் வழிநடத்திய ஆய்வகத்தில், பைப்பரசின் வகை வேதிப்பொருள்கள் புழுத்தொற்றுள்ள பருத்தி எலிகளிடம் ஒவ்வொன்றாகச் சோதிக்கப்பட்டன. 1947-இல் அவற்றுள் ஒன்று பலன் தந்தது. டை எத்தில் கார்பமசின் என்னும் அம்மருந்து 'ஹெட்ரசான்' என்ற பெயரில் வெளிவந்தது; சுருக்கமாக டி.இ.சி. என்பர். அடுத்த ஆண்டு, 1948 ஆகஸ்டில், சுப்பாராவ் காலமானார்.

டி.இ.சி. இரத்தத்திலுள்ள நுண்புழுக்களை விரைந்து அழிக்கிறது. ஆய்வுக்கூடத்தின் கண்ணாடிக் குழாயில் அது புழுக்களைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. மனித உடலின் நோய் எதிர்ப்பாற்றலோடு சேர்ந்தே வேலை செய்கிறது. முதிர்ந்த புழுக்களில் ஒரு பகுதியையே அது கொல்லும். ஆகவே ஒரு முறை மருந்துண்டதும் நுண்புழுக்கள் குறைந்தாலும், எஞ்சிய முதிர்ந்த புழுக்கள் மீண்டும் ஈனத் தொடங்கும். வீங்கித் தடித்துவிட்ட காலை இம்மருந்து பழைய நிலைக்குக் கொண்டுவராது.

முதல் முயற்சியும் பின்வாங்கலும்

இந்திய அரசு 1955-இல் தேசிய யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. நோயுள்ள பகுதிகளின் மக்கள் அனைவருக்கும் ஐந்து நாட்கள் தொடர்ந்து டி.இ.சி. கொடுப்பதும், பூச்சிக்கொல்லி தெளித்துக் கொசுவை ஒழிப்பதும் அதன் வழிமுறைகள். இரண்டும் தோல்வியுற்றன. கொசுக்கள் பூச்சிக்கொல்லிக்கு எதிர்ப்பைப் பெற்றன. மாத்திரை உண்டவர்களில் இரத்தத்தில் புழு இருந்தோருக்குக் காய்ச்சல், தலைவலி, தலைச்சுற்றல் ஏற்பட்டன. மடியும் புழுக்களுக்கு உடல் காட்டும் எதிர்வினை இது. ஓரிரு நாளில் தானே அடங்கும். ஆனால், நன்றாக இருந்த தம்மை மாத்திரை நோயாளி ஆக்கிவிட்டது என்றே மக்கள் கருதினர். இரண்டாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போயிற்று. 1960-இல் திட்டத்தை ஆராய்ந்த குழு, அனைவருக்கும் மருந்து தரும் முறையைக் கைவிடப் பரிந்துரைத்தது.

அதன் பின்னர், நகரங்களில் கொசுப் புழுக்களை அழிப்பதும், இரவு இரத்தப் பரிசோதனையில் தொற்றுக் கண்டறியப்பட்டவர்களுக்கு மட்டும் பன்னிரண்டு நாள் மருந்து தருவதுமே நடைமுறையாயின. கிராமங்கள் பெரும்பாலும் இத்திட்டத்துக்கு வெளியே நின்றன. மருந்து இருந்தும் நோய் குறையாத நிலை பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.

உப்பு, ஒரே வேளை, கொசு: மூன்று தேடல்கள்

1975-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் புதுச்சேரியில் நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தை அமைத்தது. கடலூரிலிருந்து இருபது கிலோமீட்டர் அளவே தொலைவிலுள்ள இம்மையத்தால் இப்பகுதி யானைக்கால் ஆய்வின் முக்கியக் களமாயிற்று. 1981 முதல் 1985 வரை பி. கே. ராஜகோபாலன் தலைமையில் புதுச்சேரி நகரில் கொசு ஒழிப்பு முன்மாதிரித் திட்டம் நடந்தது. சாக்கடைகளைச் சீர்செய்தல், தேங்கும் நீரை வடித்தல் போன்ற எளிய பணிகளால் கொசு குறைந்தது. ஆனால் அப்பணிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து செய்வது செலவும் உழைப்பும் மிகுந்த வேலை.

சிதம்பரத்துக்குத் தெற்கே உள்ள காரைக்காலில் 1980களில் வேறொரு வழி சோதிக்கப்பட்டது. சமையல் உப்பில் சிறிதளவு டி.இ.சி. கலந்து விற்கப்பட்டது. அன்றாட உணவோடு மருந்து சிறுகச் சிறுக உடலில் சேர்ந்ததால் பக்கவிளைவு தெரியவில்லை. தொற்றும் நன்கு குறைந்தது. சீனா இம்முறையைப் பெரிய அளவில் பயன்படுத்தி வெற்றி கண்டது. இந்தியாவில் பிற இடங்களுக்கு இது விரிவாகப் பரவவில்லை. உப்பு எங்கிருந்தும் வந்து விற்கப்படும் சந்தையில், மருந்து கலந்த உப்பை மட்டுமே மக்கள் வாங்கச் செய்வது எளிதன்று.

திருப்பம் தந்தது அளவு பற்றிய ஆய்வு. பன்னிரண்டு நாள் மருந்துக்கு மாறாக, எடைக்கேற்ற அளவில் ஒரே ஒரு வேளை டி.இ.சி. கொடுத்தாலே நுண்புழுக்கள் ஓராண்டு வரை பெருமளவு குறைந்திருப்பதைப் பிரெஞ்சுப் பொலினீசியத் தீவுகளிலும் இந்தியாவிலும் நடந்த ஆய்வுகள் காட்டின. முதிர்ந்த புழு ஈனும் ஆற்றலோடு வாழ்வது ஏறத்தாழ ஐந்தாறு ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் ஊரார் அனைவரும் ஆண்டுக்கொரு முறை மருந்துண்டால், கொசுவுக்குக் கிடைக்கும் நுண்புழுக்கள் அற்றுப்போகும். பழைய புழுக்களும் முதுமையில் மடியும். ஆயிரக்கணக்கான தொற்றுள்ள கொசுக்கடிகளுக்குப் பின்னரே ஒருவருக்கு நோய் நிலைபெறுகிறது என்பதால், தொற்றை முற்றிலும் துடைக்காமல் ஓர் அளவுக்குக் கீழே கொண்டுவந்தாலே பரவல் நின்றுவிடும் என்று கணிக்கப்பட்டது.

இதே காலத்தில், நோயின் பொருளாதாரச் சுமையையும் புதுச்சேரி மைய ஆய்வாளர்கள் அளந்தனர். யானைக்கால் நோயுள்ள ஆண் நெசவாளர்களின் உற்பத்தி மற்றவர்களைவிடக் கால் பங்குக்கும் மேல் குறைந்திருந்தது. நாடு முழுவதும் இந்நோயால் ஆண்டுதோறும் ஏற்படும் இழப்பு ஏறத்தாழ 84 கோடி அமெரிக்க டாலர் என 2000-இல் வெளியான கணக்கீடு கூறியது.

1996: கடலூரில் தொடக்கம்

தென்னாற்காடு மாவட்டம் 1993-இல் பிரிக்கப்பட்டு, கடலூரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம் உருவானது. 1996-97-இல் இந்திய அரசு ஏழு மாநிலங்களின் 13 மாவட்டங்களில் ஒரே வேளை டி.இ.சி. முறையைச் சோதித்தபோது, தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்டது கடலூர். உலகச் சுகாதாரப் பேரவை யானைக்கால் நோயை ஒழிக்க அறைகூவியது 1997-இல். உலகளாவிய ஒழிப்புத் திட்டம் தொடங்கியது 2000-இல். அவ்விரண்டுக்கும் முன்பே கடலூர் மாவட்டத்து வீடுகளில் மாத்திரைகள் வழங்கப்பட்டன.

வயதைக் கொண்டே அளவு முடிவு செய்யப்பட்டது: இரண்டு முதல் ஐந்து வயது வரை 100 மில்லிகிராம், பதினான்கு வயது வரை 200, அதற்கு மேல் 300. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள், கருவுற்ற பெண்கள், கடும் நோயாளிகள் விலக்கப்பட்டனர். எடை பார்க்கத் தேவையில்லாததால், கிராம சுகாதாரச் செவிலியரும் பிற பணியாளர்களும் வீடுவீடாகச் சென்று வழங்க முடிந்தது.

பழைய தடை இங்கும் குறுக்கிட்டது. மாத்திரையைப் பெற்றவர்களின் எண்ணிக்கைக்கும் அதை உண்மையில் விழுங்கியவர்களின் எண்ணிக்கைக்கும் பெரிய இடைவெளி இருந்ததைப் புதுச்சேரி மையத்தின் கே. டி. ராமையா, பி. கே. தாஸ் முதலியோர் தமிழ்நாட்டில் நடத்திய ஆய்வுகள் வெளிப்படுத்தின. நோயே இல்லாத தமக்கு மாத்திரை எதற்கு என்ற எண்ணமும், பக்கவிளைவு பற்றிய அச்சமும், பணியாளர் வந்தபோது வீட்டில் இல்லாமையும் முதன்மைக் காரணங்கள். வழங்கப்பட்ட மாத்திரைகளை மட்டும் எண்ணினால் திட்டம் வெற்றி. விழுங்கப்பட்டவற்றை எண்ணினால் பணி பாதியில் நிற்கிறது. பணியாளர் முன்னிலையிலேயே மாத்திரை உண்ணச் செய்தல், பக்கவிளைவை முன்கூட்டியே விளக்குதல், மருந்து நாளுக்கு முன் ஊரில் பேசுதல் ஆகியவை பின்னர் திட்டத்தின் விதிகளாயின.

மற்றொரு பாடம் தென்பெண்ணைக் கரையிலுள்ள திருக்கோவிலூர்ப் பகுதிக் கிராமங்களிலிருந்து கிடைத்தது. மதுரையிலுள்ள பூச்சியியல் ஆய்வு மையத்தினர் அங்குச் சில ஊர்களில் மருந்து மட்டும் கொடுத்தனர். வேறு சில ஊர்களில் மருந்தோடு, கழிவுநீர்க் குழிகளில் மிதக்கும் பாலிஸ்டைரீன் மணிகளைப் பரப்பிக் கொசு முட்டையிடாமல் தடுத்தனர். மருந்தை நிறுத்திய பின்னரும் தொற்று தலைதூக்காமல் காத்தது இரண்டாம் முறையே.

நாடு முழுவதும்

2004-இல் இந்தியா, நோயுள்ள மாவட்டங்கள் அனைத்திலும் ஆண்டுக்கொரு முறை மருந்து வழங்கத் தொடங்கியது. குடற்புழு மருந்தான ஆல்பெண்டசோலும் பிறகு டி.இ.சி.யுடன் சேர்க்கப்பட்டது. பல ஆண்டு மருந்தளிப்புக்குப் பின், ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளின் இரத்தம் சோதிக்கப்படும். அண்மையில் பிறந்த அவர்களிடம் தொற்று இல்லையெனில் பரவல் நின்றுவிட்டது என்று பொருள். தமிழ்நாட்டு மாவட்டங்கள் 2010களில் இத்தகைய கணிப்புகளில் தேறியதால் கூட்டு மருந்தளிப்பு படிப்படியாக நிறுத்தப்பட்டது. அண்டை நாடான இலங்கை 2016-இல் நோயை ஒழித்ததாக உலகச் சுகாதார நிறுவனத்தின் ஏற்பைப் பெற்றது. பீகார் போன்ற மாநிலங்களில் பரவல் தொடர்வதால், ஐவர்மெக்டினையும் சேர்த்த மும்மருந்து முறை 2018 முதல் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது.

எஞ்சியிருப்போர்

பரவல் நின்ற ஊர்களிலும் பழைய நோயாளிகள் வாழ்கின்றனர். அவர்களுக்கு மீண்டும் மீண்டும் வரும் காய்ச்சலுக்கும் கால்வலிக்கும் பெரும்பாலும் புழு காரணமன்று. தோல் வெடிப்பு வழியே நுழையும் பாக்டீரியாக்களே காரணம் என்பதை அண்மை ஆய்வுகள் தெளிவுபடுத்தின. நாள்தோறும் சோப்பும் நீரும் கொண்டு காலைக் கழுவி, விரலிடுக்கை ஈரமின்றித் துடைத்து, புண்ணுக்கு உடனே மருந்திட்டு, காலை உயர்த்தி வைத்தால் வீக்கம் கூடுவதைத் தடுக்கலாம். விரைவீக்கத்துக்கு அறுவை சிகிச்சை உண்டு. விலையுயர்ந்த மருந்து தேவைப்படாத இப்பராமரிப்பை நோயாளிக்குக் கற்றுத் தருவதும், புதிய தொற்று வந்துவிடாமல் கண்காணிப்பதும், சாக்கடைகளைத் தேங்கவிடாமல் வைத்திருப்பதுமே கடலூர், சிதம்பரம் பகுதிகளில் இன்று தொடரும் பணிகள்.