வேலூருக்குக் கொண்டு போங்க



நம் காஞ்சிபுரத்துத் தறிக்கார வீடுகளில் நோய் முற்றினால் "வேலூருக்குக் கொண்டு போங்க" என்பார்கள். என் அம்மாவையும் கொண்டு போனோம். பிழைத்து வந்தார்.

அந்த ஆஸ்பத்திரியின் கதை தொடங்குவது திண்டிவனத்தில். அங்கே மிஷன் டாக்டரின் மகள் ஐடா ஸ்கடர். ஒரே இரவில் மூன்று பேர், பிரசவத்தில் தவிக்கும் மனைவியைப் பார்க்க அவரை அழைத்தார்கள். ஐடா மருத்துவம் படிக்காதவர். அப்பாவை அனுப்புகிறேன் என்றதற்கு, ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள். மூன்று பெண்களும் இறந்தார்கள். (குற்றம் ஒரு மதத்துடையது அல்ல, மூவரில் ஒருவர் முஸ்லிம்.)

மிஷன் வேலையே வேண்டாமென்றிருந்த ஐடா, அமெரிக்காவில் டாக்டருக்குப் படித்துத் திரும்பி, 1900இல் வேலூரில் ஒரே கட்டிலோடு வைத்தியம் தொடங்கினார். கிராமத்துச் சாலையோரங்களுக்கே போய் ஏழைகளுக்கு மருந்து கொடுத்தார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி.

பாடத்தில் இல்லையென்று, இதை உங்களுக்கு வகுப்பில் நான் சொன்னதே இல்லை.