நஞ்சேறிய உணவும் உடலின் கணக்கும்

அணுயுகத்தின் வரலாறு பெரும்பாலும் வல்லரசுகளின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதனை மனித உடலின் வரலாறாகவும் எழுதவேண்டும் என்பது எமது கருத்தாகும்.

1958 இல் அமெரிக்காவின் சென்லூயிஸ் நகரில் தொடங்கிய ஆய்வொன்று குழந்தைகளின் விழுந்த பாற்பற்களைச் சேகரித்தது. வளிமண்டல அணுவாயுதப் பரிசோதனைகளில் வெளிப்பட்ட ஸ்ரொன்சியம்-90 புல்லிற் படிந்து, பசுப்பாலின் வழியே அப்பற்களை அடைந்திருந்தது. கல்சியத்தை ஒத்த அம்மூலகத்தை உடல் என்பிலே சேர்த்துப் பல்லாண்டுகள் தேக்கிவைக்கும். 1963 இன் பகுதிப் பரிசோதனைத் தடை உடன்படிக்கைக்கு முன்னைய விவாதங்களுக்கு இத்தகைய சான்றுகள் வலுவூட்டின.

1986 ஏப்பிரல் 26 இல் நிகழ்ந்த செர்னோபில் விபத்து இவ்வினாவை மீண்டும் எழுப்பியது. கேடயச் சுரப்பியிற் செறியும் அயடீன்-131 எட்டு நாட்களிற் பாதியாகச் சிதைகின்றது. சீசியம்-137 இன் அரைவாழ்வோ ஏறத்தாழ 30 ஆண்டுகள். எனினும், பொற்றாசியம்போல் தசைகளிற் பரவும் அதனை, வளர்ந்தோரின் உடல் சுமார் 110 நாட்களிற் பாதியளவு, பெரும்பாலும் சிறுநீர்வழி, வெளியேற்றிவிடும்.

இதனையே ஆறுதலாகக் கொள்வோர் உளர். ஆனால் உணவு ஒருநாளுடன் முடிவதன்று. நாள்தோறும் 10 பெக்கரல் சீசியத்தை உட்கொள்பவரின் உடலில், வரவும் கழிவும் சமநிலையடையும்போது, ஏறத்தாழ 1600 பெக்கரல் தேங்கிநிற்கும். ஓராண்டிலேயே அதன் பத்தில் ஒன்பது பங்கு சேர்ந்துவிடும். ஆகவே வினா உடலின் வலிமை பற்றியது மட்டுமன்று. நாளாந்த எல்லையை வகுப்பவர் யார் என்பதுமாகும்.

1986 இல் ஐரோப்பியப் பொருளாதார சமூகம் இறக்குமதியாகும் பாலுக்குக் கிலோவுக்கு 370 பெக்கரல் எனவும், ஏனைய உணவுகளுக்கு 600 எனவும் சீசிய எல்லை விதித்தது. அச்சமூகத்தின் நன்கொடையாக அன்றைய பம்பாய்க்கு வந்த அயர்லாந்து வெண்ணெய் வழக்குக்குள்ளாகியது. இந்திய உயர்நீதிமன்றம் நிபுணர் குழுவொன்றை அமைத்தது. அனுமதிக்கப்பட்ட அளவுக்குட்பட்ட உணவு பாதுகாப்பானதென்ற அதன் கருத்தை ஏற்று, 1988 இல் வழக்கை முடித்தது.

அரியாலையிற் பாற்பொடி கரைத்துத் தேநீர் அருந்தும் குடும்பத்துக்கும் இது அந்நிய விவகாரமன்று. ஒரு கிலோ முழுப்பாற்பொடிக்கு ஏறத்தாழ எட்டு லீற்றர் பால் செல்கின்றது. எனவே எல்லை பொடிக்குரியதா, கரைத்த பாலுக்குரியதா எனக் கூறாத எண் எட்டு மடங்கு மயக்கத்தைத் தரும். பரிசோதனை முடிவுகள் அலகோடும் விளக்கத்தோடும் மக்களின் மொழியில் வெளியிடப்படவேண்டும். உண்பவரின் உடலிலேயே அக்கணக்கு எழுதப்படுவதால், அதனைக் கேட்கும் உரிமையும் அவருக்கே உரியது.